ஓசூர் வாட்சும் உங்க டி-ஷர்ட்டும்: எதைக் காப்பி அடிச்சா சட்டம் கேட்கும்?

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு லிஸனர் அனுப்பின வாய்ஸ் நோட். ஓசூர்ல இருக்கற ஒரு பொண்ணு. பகல்ல ஆபீஸ் வேலை, ராத்திரி டி-ஷர்ட் டிசைன். மாம்பழத்துக்குள்ள கிருஷ்ணகிரி மலைக்கோட்டை இருக்கற மாதிரி ஒரு படம் வரைஞ்சு, அதை டி-ஷர்ட்ல பிரிண்ட் பண்ணி, இன்ஸ்டாகிராம்ல போட்டிருக்காங்க. இருநூறு பீஸ் கிட்ட வித்திருக்கு. மூணு மாசம் கழிச்சு பெங்களூர்ல ஒரு ஆன்லைன் கடை அதே படத்தை, அதே இடத்துல பிரிண்ட் பண்ணி, தன்னோட லேபிள் போட்டு, பாதி விலைக்கு விக்க ஆரம்பிச்சிருச்சு. "கேஸ் போட முடியுமா ப்ரோ?"ன்னு கேட்டிருந்தாங்க.

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல. கோடு எழுதிப் பொழைக்கறவன். ஆனா இந்தக் கேள்விக்காக ரெண்டு வாரம் சட்டப் பிரிவுகளும் தீர்ப்புகளும் படிச்சேன். கிடைச்ச பதில் எனக்கே கொஞ்சம் அதிர்ச்சியா இருந்துச்சு. நம்ம நாட்டுல ஒரு துணியோட பேரைத் திருடினா ஜெயில் வரைக்கும் போகலாம். அந்தத் துணியோட அழகைத் திருடினா, பல நேரம் ஒண்ணுமே பண்ண முடியாது.

இதைப் புரிய வைக்க நம்ம ஊர்ப் பொருள் ஒண்ணையே எடுத்துக்கறேன். டைட்டன் வாட்ச்.

டாடாவும் தமிழக அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல தொடங்கின கம்பெனி. தொழிற்சாலை ஓசூர் சிப்காட். "டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு" ரெண்டோட முதல் எழுத்துகளையும் சேர்த்துத்தான் டைட்டன்னு பேர் வந்துச்சுன்னு சொல்வாங்க. கார்ப்பரேட் ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டில இருந்தாலும், பதிவு அலுவலகம் இன்னைக்கும் ஓசூர்தான். 2002-ல இவங்க கொண்டு வந்த எட்ஜ் மாடல் ஞாபகம் இருக்கா? மொத்த வாட்சே 3.5 மில்லிமீட்டர் தடிமன்தான்.

இப்போ அந்த வாட்சை ஒரு டேபிள் மேல வைங்க. டயல்ல இருக்கற பேர், லோகோ: அது டிரேட்மார்க். கேஸோட வடிவம், டயல்ல இருக்கற கோலம், ஸ்ட்ராப் வந்து சேர்ற விதம்: அது டிசைன். அதை விக்க எடுத்த விளம்பரப் படம்: அது காப்பிரைட். பொருள் ஒண்ணு, சட்டம் மூணு. மூணுக்கும் வேற வேற ஆயுசு, வேற வேற பலம். ஃபேஷன் துறையில நடக்கற குழப்பத்துல பாதி, இந்த மூணையும் ஒண்ணா நினைக்கறதால வர்றது.

பேர்ல இருந்து ஆரம்பிப்போம். 1999-ம் வருஷ டிரேட்மார்க் சட்டம் 2003 செப்டம்பர்ல அமலுக்கு வந்துச்சு. ஒரு பேரைப் பதிவு பண்ணா 10 வருஷம் பாதுகாப்பு. அதுக்கப்புறம் 10, 10 வருஷமா புதுப்பிச்சுக்கிட்டே போகலாம், முடிவே கிடையாது. போலி லேபிள் ஒட்டறவனுக்கும், போலின்னு தெரிஞ்சு விக்கறவனுக்கும் குறைஞ்சது 6 மாசம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. கூடவே 50,000 ரூபாய்ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம். டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே கடைக்குள்ள போய் சரக்கை அள்ளலாம். ஆனா அதுக்கு முன்னாடி டிரேட்மார்க் பதிவாளர்கிட்ட கருத்து வாங்கணும்னு சட்டத்துல ஒரு கடிவாளமும் இருக்கு.

"ஐயோ, நான் ஃபர்ஸ்ட் காப்பி வாட்ச் கட்டிட்டு இருக்கேனே"ன்னு பதறாதீங்க. இந்தக் குற்றப் பிரிவுகள் லேபிள் ஒட்டறவங்க, விக்கறவங்க, விக்கறதுக்காக ஸ்டாக் வச்சிருக்கறவங்களைப் பத்தினது. சொந்தக் கையில கட்டிக்க ஒண்ணு வாங்கினவரை இந்தப் பிரிவுகள் தேடி வராது. ஆனா அதே வாட்சை பத்தா வாங்கி வாட்ஸ்அப் குரூப்ல வித்தீங்கன்னா நீங்களும் வியாபாரி. "எல்லாரும்தானே விக்கறாங்க"ங்கறது கோர்ட்ல செல்லாது. நான் போதுமான கவனத்தோடதான் வாங்கினேன், போலின்னு சந்தேகப்படக் காரணமே இல்ல, யார்கிட்ட வாங்கினேன்னு கேட்டப்ப முழு விவரமும் கொடுத்துட்டேன்னு நிரூபிச்சா தப்பிக்க ஒரு வழி இருக்கு. 'மாஸ்டர் காப்பி'ன்னு கேப்ஷன் போட்டு வித்தவருக்கு அந்த வழியும் அடைஞ்சு போச்சு, அவரே எழுதி வச்சுட்டாரே!

நம்ம பக்கம் அடிக்கடி வர்ற இன்னொரு விஷயம் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ். பெங்களூர், திருப்பூர்னு வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் துணி தைக்கற பெல்ட்டுல இருக்கோம். "அதே ஃபேக்டரி, அதே துணி, அதே தையல், இதுல என்ன போலி?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா டிரேட்மார்க் சட்டம் துணியோட தரத்தைப் பார்க்கறது இல்ல, அனுமதியைப் பார்க்குது. பிராண்ட்காரன் ஆயிரம் சட்டை ஆர்டர் கொடுத்திருக்கான், ஃபேக்டரி ஆயிரத்து இருநூறு தைச்சு, அந்த இருநூறையும் அதே லேபிளோட வெளியே விட்டா, அந்த இருநூறும் சட்டப்படி போலி. அதே மெஷின், அதே அக்கா தைச்சிருந்தாலும் சரி. பிராண்ட்காரனே ஒத்துக்கிட்டு மார்க்கெட்ல விட்ட சரக்குன்னா கதை வேற, அதை வாங்கி மறுபடி விக்க யாரும் தடை போட முடியாது. சர்ப்ளஸ் கடைகள்ல லேபிளைக் கத்தரிச்சு விக்கறதுக்குப் பின்னாடி இருக்கற கணக்கு இதுதான்.

அடுத்தது விளம்பரம். இதுல டைட்டன் கம்பெனியோட சொந்தக் கேஸே இருக்கு. தனிஷ்க் அவங்களோட நகை பிராண்ட். அமிதாப் பச்சனும் ஜெயா பச்சனும் நடிச்ச விளம்பரம் எடுத்தாங்க. உத்தரப் பிரதேசத்துல முசாஃபர்நகர்ல ஒரு நகைக்கடை கிட்டத்தட்ட அதே படத்தோட ஹோர்டிங் வச்சுது. தனிஷ்க்ங்கற பேர் பிரச்சினையே இல்ல, படம்தான் பிரச்சினை. 2012-ல டெல்லி உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. விளம்பரம் டைட்டனோட காப்பிரைட் மட்டும் இல்ல, தன் முகத்தை வணிகத்துக்கு யார் பயன்படுத்தலாம்னு சொல்ற உரிமை அந்தப் பிரபலங்களுக்கும் இருக்குன்னு தீர்ப்புல வந்துச்சு. இன்னைக்கு நடிகர்கள் ஏ.ஐ. வீடியோவுக்கு எதிரா கோர்ட்டுக்குப் போறப்ப வக்கீல்கள் எடுத்துக் காட்டற தீர்ப்புகள்ல இதுவும் ஒண்ணு. என்னை மாதிரி ஆளுங்களுக்கு ஒரு உபரித் தகவல்: 1998-லயே தனிஷ்க் டாட் காம்ங்கற டொமைனை வேற ஒருத்தர் பதிவு பண்ணி வச்சிருந்தார். அதுக்கும் டெல்லி உயர் நீதிமன்றத்துல போய் இடைக்காலத் தடை வாங்கினாங்க. நம்ம நாட்டோட ஆரம்பகால டொமைன் வழக்குகள்ல ஒண்ணு.

சரி, இப்போதான் முக்கியமான கட்டத்துக்கு வர்றோம். வடிவம். அழகு. நம்ம லிஸனரோட மாம்பழம்.

இதுக்கு 2000-ம் வருஷ டிசைன் சட்டம் இருக்கு. வடிவம், கோலம், அலங்காரம், கோடுகளும் நிறங்களும் சேர்ற விதம், இப்படிக் கண்ணால பார்த்து ரசிக்கற எதுவும் டிசைன். பதிவு பண்ணா 10 வருஷம், இன்னொரு 5 வருஷம் நீட்டிக்கலாம். 15-க்கு மேல கிடையாது. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஒரு நல்ல டி-ஷர்ட்டோட விலைதான்!

பொறி எங்க இருக்குன்னா, விண்ணப்பம் போடற தேதிக்கு முன்னாடி அந்த டிசைன் உலகத்துல எங்கயும் வெளியாகி இருக்கக் கூடாது. உங்களாலயும்கூட! இன்ஸ்டாகிராம்ல ஒரு ரீல் போட்டுட்டீங்க, கடையில தொங்க விட்டுட்டீங்க, அவ்வளவுதான், "புதுசு"ங்கற தகுதி போச்சு. பப்ளிக் ரெப்போல புஷ் பண்ணிட்டு அப்புறம் அது ரகசியம்னு சொல்ற மாதிரி. மத்திய அரசு அறிவிச்ச கண்காட்சியில, முன்கூட்டியே அறிவிப்பு கொடுத்துட்டு வச்சா 6 மாச அவகாசம் உண்டு. உங்க தெரு பாப்-அப் ஸ்டால் அந்தக் கணக்குல வராது.

பெரிய கம்பெனியும் இதுல சறுக்கியிருக்கு. அந்த ஓட்டை ஓட்டையா இருக்கற க்ராக்ஸ் செருப்பு தெரியும்ல? இந்தியாவுல 2004-ல டிசைன் பதிவு வாங்கினாங்க. பாட்டா, லிபர்ட்டின்னு பல கம்பெனிகள் மேல கேஸ் போட்டப்ப, அந்த வடிவம் பதிவுக்கு முன்னாடியே இணையத்துல வெளியாகிடுச்சுன்னு எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டினாங்க. 2018-ல டெல்லி உயர் நீதிமன்றம் தடை உத்தரவு தர மறுத்துச்சு, 2019-ல அமர்வும் அதையே உறுதி செஞ்சுது. அப்புறம் 2025 ஜூலையில, "எங்க செருப்புன்னு ஜனங்களை ஏமாத்தி விக்கறாங்க"ங்கற வேற அடிப்படையில வழக்கு நடத்தலாம்னு அனுமதி கிடைச்சுது. அந்த அடிப்படைக்குப் பேர் பாஸிங் ஆஃப். ஆனா அதுக்கு "பார்த்த உடனே இது க்ராக்ஸ்னு ஜனங்களுக்குத் தெரியும்"னு நிரூபிக்கற அளவு புகழ் வேணும். மூணு மாசப் பழசான டி-ஷர்ட் பேஜுக்கு அது கஷ்டம்.

"டிசைன் போனா போகட்டும், வரைஞ்சது நான்தானே, காப்பிரைட் இருக்குமே?"ன்னு அடுத்து கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். காப்பிரைட்டுக்குப் பதிவே தேவையில்ல, வரைஞ்சவர் வாழ்நாள் முழுக்க, அதுக்கப்புறம் 60 வருஷம். ஆனா 1957-ம் வருஷ காப்பிரைட் சட்டத்துல 15-ம் பிரிவு, ரெண்டாம் உட்பிரிவுன்னு ஒண்ணு ஓரமா உக்காந்திருக்கு. டிசைனா பதிவு பண்ணியிருக்கக் கூடிய ஒண்ணை நீங்க பதிவு பண்ணாம விட்டு, அதை வச்சு தொழில் முறையில 50 பீஸுக்கு மேல செஞ்சுட்டா, அந்த நிமிஷமே டிசைன் மேல இருந்த காப்பிரைட் முடிஞ்சுது. ஐம்பத்தொண்ணாவது டி-ஷர்ட் மெஷின்ல இருந்து வெளியே வரும்போது உங்க உரிமை உள்ளேயே நின்னுடும்.

ரித்து குமார் பெரிய டிசைனர். அவங்க கம்பெனி ரித்திகா, பிபா மேல கேஸ் போட்டுச்சு. எங்க பிரிண்டுகளை எடுத்துத் துணி செஞ்சுட்டாங்கன்னு. 2016-ல டெல்லி உயர் நீதிமன்றம் கேட்டது சிம்பிள்: டிசைன் பதிவு இருக்கா? இல்ல. 50-க்கு மேல தைச்சாச்சா? ஆச்சு. அப்போ காப்பிரைட்டும் இல்ல. இதுக்கு நேர் எதிரா, 2008-ல தருண் தஹிலியானியோட கம்பெனி ஜெயிச்சுது. அவர் செய்யறது அதிக விலைத் துணிகள், ஒரு டிசைன்ல 50 பீஸைத் தாண்டலை, அதனால காப்பிரைட் உயிரோட இருந்துச்சு. லட்ச ரூபாய் லெஹங்காவுக்குக் கிடைச்ச பாதுகாப்பு ஐந்நூறு ரூபாய் டி-ஷர்ட்டுக்குக் கிடைக்காதுங்கறதுதான் நடைமுறை அர்த்தம். எனக்கு இது உறுத்துது. டிஜிட்டல் பிரிண்டர் வந்தப்புறம் 50 பீஸ் ஒரு சாயங்கால வேலை. எண்ணிக்கையை வச்சு கலையையும் தொழிலையும் பிரிக்கற அந்தக் கோடு இந்தக் காலத்துக்குப் பொருந்துதான்னு கேக்கத் தோணுது. ஐரோப்பாவுல பதிவு பண்ணாத டிசைனுக்கும், வெளியான நாள்ல இருந்து 3 வருஷம் காப்பி அடிக்கறதுக்கு எதிரா பாதுகாப்பு உண்டு. பதிவு பண்ணணும்னா வெளியிட்டப்புறம் 12 மாசம் டைம். ஒரு டிசைன் ஓடுதா ஓடாதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம். நம்ம ஊர்ல எது ஓடும்னு தெரியறதுக்கு முன்னாடியே பணம் கட்டணும்.

ஆனா இந்த விதிக்குப் பின்னாடி ஒரு நியாயமும் இருக்கு, அதையும் சொல்லணும். கிருஷ்ணகிரியைத் தாண்டி பர்கூர் போனீங்கன்னா மொத்த ஜவுளிக் கடைகள் வரிசையா இருக்கும். குட்டி சூரத்னு சொல்வாங்க. ஒரு படத்துல நடிகை கட்டின சேலை ஜாடையில கொஞ்ச நாள்லயே மலிவு விலையில சேலை வந்து இறங்கறதை எந்த ஜவுளி ஊர்லயும் பார்க்கலாம். நம்ம வீட்டுப் பெரியவங்க அதைத்தான் கட்டினாங்க. ஒவ்வொரு கரைக்கும் பூவுக்கும் வரைஞ்சவர் ஆயுசும் 60 வருஷமும் பூட்டுப் போட்டா, அந்தச் சந்தையே இருக்காது. ஆயிரக்கணக்குல செஞ்சு விக்கற பொருளா, சரி, பதிவு பண்ணு, 15 வருஷம் அனுபவி, அப்புறம் ஊருக்கு விடுங்கறதுதான் சட்டத்தோட பேரம். பேரம் சரி. பதிவு பண்ணணும்னு யாரும் சொல்லிக் கொடுக்காததுதான் பிரச்சினை.

பதிவு பண்ண டிசைனைத் திருடினாலும் அது கிரிமினல் குற்றம் இல்ல. ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய் வரைக்கும், ஒரு டிசைனுக்கு மொத்தம் 50,000 வரைக்கும் கடன் மாதிரி வசூலிக்கலாம். இல்லன்னா நஷ்டஈடும் தடை உத்தரவும் கேட்டு சிவில் வழக்கு போடலாம். போலீஸ் வராது.

இப்போ ஒரு விஷயம் புரியும். பெரிய பிராண்டுகள் ஏன் லோகோவை நெஞ்சு முழுக்க அடிக்கறாங்க, பை முழுக்க எழுத்தை நிரப்பறாங்க? ரசனை ஒரு பக்கம். சட்டம் இன்னொரு பக்கம். வடிவத்துக்கு 15 வருஷம், பேருக்கு முடிவே இல்ல. அதனால அழகையே பேரா மாத்தப் பார்க்கறாங்க. லீவைஸ் ஜீன்ஸோட பின் பாக்கெட்ல ரெண்டு வளைவுத் தையல் இருக்கும் பாருங்க, அதை அவங்க டிரேட்மார்க்காவே வச்சிருக்காங்க. 2022-ல டெல்லி உயர் நீதிமன்றம் அதை நன்கு அறியப்பட்ட குறின்னு அறிவிச்சுது. வெறும் நூல், ஆனா சட்டப்படி அது கையெழுத்து.

நம்ம லிஸனர் விஷயத்துக்கு வர்றேன். அந்த மாம்பழ டிசைனை இனி பதிவு பண்ண முடியாது, அவங்களே வெளியிட்டுட்டாங்க. மிச்சம் இருக்கற ஒரே பிடி, அந்தப் படம் எதுக்காக வரையப்பட்டதுங்கறது. டி-ஷர்ட்டுக்குன்னே வரைஞ்சதுன்னா 50 பீஸ் விதி கழுத்தைப் பிடிக்கும். முதல்ல தனி ஓவியமா வரைஞ்சு, பிரேம் போட்டு வித்து, அப்புறம் டி-ஷர்ட்டுக்குப் போச்சுன்னா, ஓவியத்தோட காப்பிரைட் தனியா நிக்குதுன்னு வாதாட இடம் இருக்கு. இந்த எல்லைக்கோடு நீதிமன்றத்துக்கே தலைவலி. 2025 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் க்ரயோகேஸ் வழக்குல இதுக்கு ஒரு சோதனை வகுத்துச்சு: இது தனியா நிக்கற கலைப்படைப்பா, இல்ல தொழில் முறையில ஒரு பொருளுக்கு ஏத்தின டிசைனான்னு முதல்ல பாரு. அதுலயும் தெளிவு வரலைன்னா, அதோட முக்கிய நோக்கம் பயன்பாடா அழகான்னு பாருன்னு. அதனால வரைஞ்ச ஃபைலோட தேதி, முதல் ஸ்கெட்ச், ஓவியமா வித்த பில், எதையும் டெலீட் பண்ணாதீங்க. இதை வச்சு ஜெயிச்சிடலாம்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வக்கீல்கிட்ட எடுத்துட்டுப் போற அளவுக்கு இருக்கு.

அடுத்த டிசைனுக்கு வரிசையை மாத்துங்க: வரை, விண்ணப்பம் போடு, அப்புறம் ரீல் போடு. எல்லாத்துக்கும் போட வேணாம், இது ஓடும்னு உள்ளுணர்வு சொல்றதுக்கு மட்டும். பேருக்கு கண்டிப்பா போடுங்க. துணிமணிக்கு 25-ம் வகுப்பு, தனிநபருக்கு ஆன்லைன்ல 4,500 ரூபாய். விண்ணப்பம் போட்ட உடனே ® போடக் கூடாது, பதிவு கிடைச்சப்புறம்தான். அதுவரைக்கும் ™ போதும்.

கடைசியா, எல்லை. ஜூஜூவாடி செக்போஸ்டைத் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. காப்பி அடிச்சவர் அந்தப் பக்கம், நம்மாளு இந்தப் பக்கம். டிரேட்மார்க் விண்ணப்பத்துக்கு இந்த எல்லை ஒரு பொருட்டே இல்ல, ஓசூருக்கும் பெங்களூருக்கும் சென்னைப் பதிவகம்தான். ஆனா வழக்குன்னு வரும்போது எல்லை திடீர்னு உயிர் பெறுது. உங்க பேர் பதிவு பண்ண டிரேட்மார்க்கா இருந்தா, நீங்க குடியிருக்கற அல்லது தொழில் பண்ற இடத்துலயே, அதாவது கிருஷ்ணகிரி மாவட்ட நீதிமன்றத்துலயே கேஸ் போடலாம். 134-ம் பிரிவு கொடுக்கற சலுகை அது. காப்பிரைட்டுக்கும் இதே மாதிரி உண்டு. டிசைன் வழக்குக்கும் பாஸிங் ஆஃபுக்கும் அது கிடையாது. எதிராளி இருக்கற இடத்துக்கு, இல்ல தப்பு நடந்த இடத்துக்குப் போகணும். பெங்களூர்க் கடை ஓசூருக்கே அந்தச் சட்டையை டெலிவரி பண்ணியிருந்தா, "தப்பு இங்கயும் நடந்துச்சு"ன்னு வாதம் வைக்கலாம். அதனால ஒரு நண்பரை விட்டு ஒரு பீஸ் ஓசூர் முகவரிக்கு ஆர்டர் பண்ணச் சொல்லுங்க. பில், பார்சல் கவர், டெலிவரி மெசேஜ் மூணையும் பத்திரமா வச்சுக்கங்க. அந்தக் கடை லிஸ்டிங்கை நீக்கறதுக்கு முன்னாடி, இன்னைக்கே.